முகமூடிக்காரனுக்கு நடந்தவர்

உளவாளி ஒரு நீளமான வராந்தாவில் தனியாக நடந்து வரும் காட்சி, அந்த உளவாளி சினிமாத் தொடரின் எல்லாப் படத்திலும் ஒன்று இருக்கும். கோட்டு, டை, பளபளக்கும் ஷூ, அவசரமே இல்லாத நடை. அந்த நடையைக் கேட்டுத்தான் நான் இந்தப் படங்களுக்கு அடிமையானேன். அது நடிகருடைய நடையே இல்லை, ஐம்பதைத் தாண்டிய, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போகிற ஓர் அம்மாவுடைய நடை என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேருக்கு அக்கறை இல்லை. ஆனால் அவர் ஒன்பதாவது படத்தின்போது பட்ட பாட்டை அவர் வாயாலேயே கேட்ட பிறகு, இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. படம் தியேட்டரை விட்டுப் போய் நாளாகிவிட்டது. முகமூடிக்காரன் யார் என்பது இப்போது ஊருக்கே தெரியும். அதனால் தாராளமாகச் சொல்லலாம்.

படப்பிடிப்பில் மைக் பிடிப்பது பெரும்பாலும் பேச்சைத்தான். நடை, துணி உரசல், கோப்பையை மேசைமேல் வைக்கிற சத்தம், எலும்பு முறிகிற சத்தம் எல்லாம் பிற்பாடு ஓர் அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டே செய்து சேர்ப்பவை. இவர் வேலை அதுதான். ஸ்டுடியோவில் இவருக்குப் பெயர் காலடி அக்கா. இவருடைய அறையில் தரை கட்டம் கட்டமாக இருக்கும். ஒன்றில் பளிங்கு, ஒன்றில் பலகை, ஒன்றில் ஜல்லி, ஒன்றில் மணல், ஒன்றில் இரும்புத் தகடு. பனியில் நடக்க வேண்டுமென்றால் சோளமாவை ஒரு துணிப்பையில் கட்டி மிதிப்பார். எலும்பு முறிய வேண்டுமென்றால் கேரட்டை முறிப்பார். சுவர் முழுக்க ஷூ. உளவாளியின் ஷூ இவர் காலுக்கு ரொம்பப் பெரிது என்பதால் முன்பக்கம் பழைய துணியைத் திணித்துத்தான் போட்டுக்கொள்வார்.

தொழிலுக்கு வருகிற புதியவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்களாம். திரையில் இருப்பவரின் காலைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். காலைப் பார்த்து நடந்தால் எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாகும். கால் தரையில் படுவதைக் கண் பார்த்து, மனசுக்குச் சொல்லி, மனசு நம் காலுக்குச் சொல்வதற்குள் அங்கே அடுத்த அடி வந்துவிடும். அதனால் தோளைப் பார்க்க வேண்டும். தோள் முன்கூட்டியே சொல்லிவிடும். எந்தக் கால் வரப்போகிறது, எவ்வளவு பாரத்தோடு வரப்போகிறது, ஆள் கோபமா, களைப்பா, பொய் சொல்கிறானா என்பதுவரை தோளில் தெரியும் என்பார் அக்கா. அவர் யோசித்து நடப்பதில்லை. தோள் சொல்லும், கால் கேட்கும், அவ்வளவுதான்.

உளவாளிக்கு மேலதிகாரியாக ஒருவர் வருவாரே, எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடுகிற ஆள், அவருக்கும் இரண்டாவது படத்திலிருந்து இவர்தான் நடக்கிறார். அந்த நடிகருக்கு இடது தோள் கொஞ்சம் தாழ்வு. அதைப் பார்த்து அக்கா ஒரு நடை பிடித்தார். இடது குதிகால் தரையைத் தொட்டதும் நுனிக்கால் லேசாக இழுபடும், ஏதோ நினைவு வந்து நின்றுவிட்டுப் போவதுபோல. ஆறாவது படத்தில் ஒரு காட்சி உண்டு. உளவாளி அடிபட்டு அறைக்குள் கிடப்பான், கதவு சாத்தியிருக்கும், வெளியே நடை மட்டும் கேட்கும். குதிகால், இழுப்பு, குதிகால், இழுப்பு. ஆள் முகத்தைக் காட்டுவதற்கு முன்னாலேயே தியேட்டர் கைதட்டியது. நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன். வீட்டில் இவர் அந்த நடையைப் பழகிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மா துடைப்பத்தால் கூரையைத் தட்டி, மேலே யாருக்குக் காலில் சுளுக்கு என்று கேட்டாராம்.

எட்டாவது படம் சுமாராகப் போனது. தயாரிப்பாளர் செலவைக் குறைக்கிற வழி தேடினார். சத்தத்தைக் கம்ப்யூட்டரில் மொத்தமாக வைத்து விற்கிற கம்பெனி ஒன்று வந்து நின்றது. ஆண் நடை, பெண் நடை, ஓட்டம், மாடிப்படி, எது கேட்டாலும் ரெடியாக இருக்கிறது, ஆளை நிறுத்தி நடக்கவிட வேண்டியதில்லை என்றது. ஒன்பதாவது படத்துக்கே அதை எடுத்துக்கொள்வதாக இருந்தது. புதிதாக வந்த இளம் இயக்குநர்தான் பிடிவாதம் பிடித்தார். இந்த ஒரு படம் அக்கா நடக்கட்டும், வித்தியாசம் தெரியாவிட்டால் அடுத்ததில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். தயாரிப்பாளரும் சரி என்றார். அக்காவுக்கு இது காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்டுடியோவுக்கு வெளியே அவருக்கு வேறு வேலை தெரியாது. இந்தப் படத்தில் நன்றாக நடப்பதை நம்பித்தான் அவருடைய அடுத்த பத்து வருஷப் பிழைப்பு.

ஒன்பதாவது படத்துக்கு ரகசியம் பலமாக இருந்தது. கதை எவருக்கும் முழுசாகச் சொல்லப்படவில்லை. அக்காவுக்கு வந்த படத்துண்டுகள் வரிசை மாறி வந்தன, பேச்சை அழித்துக் கொடுத்தார்கள். கடைசிப் பகுதியில் ஒரு நீளம் வெறும் கறுப்பாக இருந்தது. அங்கே யாரும் நடப்பதில்லை, உங்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முகமூடி போட்ட ஒருவன் முதல் காட்சியில் வருகிறான். பெரிய கோட்டு, தொப்பி, கையுறை. மூடிப்போன ஒரு ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நடந்து வந்து, ஒரு கதவுக்கு முன்னால் நின்று, ஏதோ வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறான். அக்கா அவனுக்கு நடந்தார். முதல் தடவையே சரியாக விழுந்தது. இயக்குநர் அதைக் கேட்டுவிட்டு, அந்தக் காட்சிக்கு எழுதி வைத்திருந்த இசையைத் தூக்கிவிட்டார். வெறும் நடை மட்டும் போதும் என்றார். அக்கா அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், பத்திரிகைக்காரர்களுக்கும் தியேட்டர்காரர்களுக்கும் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வேலை செய்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்கா தன் வீட்டுக்காரரையும் கூட்டிப் போயிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். மோட்டார் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை வைத்துக்கொண்டு படத்துக்கு வந்ததுதான் வினை.

விளக்கு அணைந்தது. ஆஸ்பத்திரி வராந்தா. இசை இல்லை. முகமூடிக்காரன் தூரத்திலிருந்து வருகிறான். அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்போது வீட்டுக்காரர் மெல்லச் சாய்ந்து, காதோரமாகக் கேட்டார்.

"இது நம்ம பெரியவர் நடைல்ல?"

சும்மா இருங்க என்று அவர் தொடையில் ஒரு தட்டு தட்டினார் அக்கா. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார். ஆனால் முகமூடிக்காரன் அடுத்த இரண்டு அடி எடுத்து வைத்தான். குதிகால், இழுப்பு. குதிகால், இழுப்பு. தட்டின கையை எடுக்காமல் அக்கா அவர் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் படம் பார்த்தாரா என்றால், பார்த்தார். உலகத்தில் வேறு எவரும் அந்தப் படத்தை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு முகமூடிக்குள் யார் என்ற ஆவல். இவருக்கு, அது பெரியவராக மட்டும் இருக்கக்கூடாது என்ற வேண்டுதல். கதை அவருக்கும் புதுசுதானே. உளவாளி மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் வந்தது. படத்திலேயே நல்ல இடங்களில் ஒன்று. எட்டுப் படமாகப் பறந்த ஆள் இப்போது படியைப் பார்த்துப் பயப்படுகிறான். எனக்கு அங்கே கண் கலங்கியது. அக்காவோ அந்தக் காட்சியில் பின்னால் நின்ற துணை அதிகாரியையே முறைத்துக்கொண்டிருந்தார். இவன்தான் கெட்டவன், இவனாக இருக்கட்டும், முழிக்கிற முழியே சரியில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். விஞ்ஞானிப் பெண் வந்தாள். இடைவேளைக்கு முன்னால் வாய் ஓயாமல் பேசினவளுக்குப் பிறகு வேலையே இல்லை, அதைப் பற்றி எல்லாரும் திட்டி எழுதியிருக்கிறார்கள். அக்கா அவள்மேலும் சந்தேகப்பட்டுப் பார்த்தார். கோட்டுக்குள் பெண் இருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு படகுத் துரத்தல். அது எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காது கிழிகிற இசை. சாதாரண நாளாக இருந்தால் அக்காவுக்கு அந்த இசைமேல் கோபம் வரும். இவர் நாள் கணக்காகத் தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டு அடித்த சத்தமெல்லாம் அதற்கடியில் அமுங்கிப் போயிருந்தது. அன்று அவர் நினைத்தது வேறு. இந்த இசையில் கொஞ்சத்தை எடுத்து முதல் காட்சியில் கொட்டியிருக்கக்கூடாதா என்று. கெட்டவனின் திட்டத்தை மூன்று பேர் மூன்று தடவை விளக்கினார்கள். அதுவும் பெரிய குறைதான். ஆனால் ஒவ்வொரு விளக்கத்திலும் பெரியவரின் பெயர் மட்டும் வராதது அக்காவுக்குப் பட்டது.

கடைசியில் முகமூடி நின்றது. கையுறை கழன்றது. முகமூடி இறங்கியது.

பெரியவர்.

அரங்கம் மொத்தமும் மூச்சை இழுத்துப் பிடித்தது. எத்தனையோ படம் பார்த்த பத்திரிகைக்காரர் ஒருவர் இருக்கையை விட்டே எழுந்துவிட்டார். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, இத்தன பேரு வாயப் பொளந்தாங்க. நான் அப்பவே சொன்னேன்ல."

"நீங்க சொன்னதுதான் இப்ப பிரச்சினை" என்றார் அக்கா. அவர் குரலைக் கேட்டதும் வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றது.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் தன்னால் முடிந்த சமாதானமெல்லாம் சொன்னார். வீட்டில் நீ பழகுறதைத் தினமும் கேட்டதால் எனக்குத் தெரிந்தது, வேறு எவனுக்குத் தெரியப்போகிறது என்றார். உள்ளே இத்தனை பேர் இருந்தார்களே, ஒருத்தராவது கண்டுபிடித்தார்களா என்று கேட்டார். அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்கள் வேலைக்காகப் படம் பார்க்கிறவர்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு வரப்போகிறவர்கள் வேறு மாதிரி.

"ஆறாவது படத்துல கதவுக்குப் பின்னால நடந்தப்போ தியேட்டரே கை தட்டிச்சே. அவங்கல்லாம் நம்ம வீட்லயா குடியிருந்தாங்க?"

பேசாமல் இருந்துவிடு, கேட்டால் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் முணுமுணுத்தார் வீட்டுக்காரர். அக்காவுக்கும் ஆசைதான். ஒரே ஒரு ரசிகன் முதல் காட்சியில் பெரியவர் என்று கத்தினால் போதும், மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். ரகசியத்தைக் காப்பதற்காகவே கறுப்புத் துண்டைக் கொடுத்தவர்கள், ரகசியத்தை வெளியே விட்டது அவருடைய கால் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? வாய் திறந்து இப்போதே சொன்னால் மட்டும் என்ன? மனுஷி நடந்தால் இந்த ஆபத்து, கம்ப்யூட்டரில் இது வராது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எப்படிப் போனாலும் கதவு ஒன்றுதான் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் ஓடி வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முதல் காட்சி அக்காவால்தான் நின்றது என்றார். தயாரிப்பாளர் முதலாளியே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம், அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எவ்வளவு அபூர்வம் தெரியுமா என்றார். ஆள் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சார் என்று அக்கா இழுப்பதற்குள் இயக்குநர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அக்கா கழிவறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். கண்ணாடியில் தன் தோளையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாராம். இரண்டு தோளும் தூக்கி, கழுத்துக்குள் போயிருந்தன. பயந்தவள் தோள். இந்த ஆளுக்கு நடக்கச் சொன்னால் நான் எப்படி நடப்பேன் என்று நினைத்தேன் என்றார் என்னிடம். எனக்கு அதைக் கேட்டபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது.

திரும்பி வந்து இயக்குநரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், அந்த முகமூடிக்கு நான் பெரியவர் நடையப் போட்டுட்டேன்."

இயக்குநர் சிரித்தார். "பெரியவர்தானேக்கா அவரு. அவருக்கு அவர் நடை..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் போகாமல் அப்படியே இருந்தது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

எல்லாச் சத்தத்தையும் படத்தோடு கலந்து சேர்க்கிற மிக்ஸிங் அறைக்குப் போனார்கள். மிக்ஸிங் செய்கிறவர் அந்தத் தொடருக்குப் புதியவர். அவர் காதுக்கு அது வெறும் நல்ல நடையாகத்தான் பட்டிருந்தது. ஆறாவது படத்தின் கதவுக் காட்சியை முதலில் போட்டார்கள், பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவை. படத்தை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டார்கள். இரண்டாவது தடவை கேட்டபோது இயக்குநர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். தெரிந்தே செய்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சத்தியமா தெரியாது சார். தோளப் பாத்தேன், கால் நடந்துடுச்சு."

கோட்டுக்குள் இருந்தது அதே நடிகர்தான். வேறு ஆளை வைத்து எடுத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. எல்லாவற்றையும் மறைத்தவர்கள் தோளை மறைக்க நினைக்கவில்லை. படத்தின் ஆகப் பெரிய பலம் முதல் காட்சியின் அமைதி, அடுத்த பலம் கடைசியில் கழலும் முகமூடி. ஒன்று இருந்தால் மற்றது செத்துப்போகும் என்பதுதான் நிலைமை. இயக்குநருக்கு அது அங்கே தரையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

மிக்ஸிங் செய்கிறவர் நிதானமான ஆள். தூக்கிப்போட்ட இசை அப்படியே இருக்கிறது, அதை மேலே ஏற்றினால் நடை கேட்காது, அரை மணி நேர வேலை என்றார். முதல் ரீலை மட்டும் மாற்றிச் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டால் எல்லாத் தியேட்டருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அமைதிக்காக அவர் முதலாளியோடு சண்டை போட்டிருக்கிறார். கடைசியில் போட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். அக்கா குறுக்கிட்டு, வேறு நடை நடந்து தருகிறேன், மத்தியானம்வரை விடுங்கள் என்று கேட்டார்.

கேட்டுவிட்டார், முடிந்ததா என்றால் இல்லை. ஷூவை மாற்றினார். கனமான பூட்ஸ் போட்டார். திரையில் முகமூடிக்காரன் வந்தான், அக்கா நடந்தார், முடிந்ததும் ஸ்பீக்கரில் மிக்ஸிங்காரரின் குரல் வந்தது.

"மறுபடி பெரியவர்தான் வராருக்கா."

வலது ஷூவுக்குள் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு நடந்தார். ஆரம்பத்தில் யாரோ போல இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் இடது நுனிக்கால் தன்னாலே இழுத்தது. வேண்டுமென்றே வேகமாக நடந்தார். அவசரமாகப் போகிற பெரியவர் ஆனார். பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கி வைத்தார். மூட்டு வலிக்கிற பெரியவர் ஆனார். இத்தனை வருஷமாகத் தோள் சொன்னதைக் கேட்டுப் பழகின கால், இன்று மட்டும் கேட்காதே என்றால் எப்படிக் கேட்காமல் இருக்கும்? ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கர் பெரியவர் என்றே சொன்னது. அலுவலகத்திலிருந்து மேனேஜர் போன் போட்டு ரீல் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டார். இயக்குநர் ஏதோ பொய் சொன்னார். முதலாளியிடம் விஷயம் இன்னும் போகவில்லை. அக்காவின் முழங்கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

அவர் பளிங்குக் கட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, நல்ல நடைக்கு வழி தேடுவதை விட்டுவிட்டு, மோசமாக நடப்பதற்கு என்ன வழி என்று யோசித்தது அப்போதுதான். புதியவர்கள் எப்படி நடப்பார்கள்? காலைப் பார்த்து. வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டார். லிஃப்ட் வேலையின்போது விரித்துப் போடுகிற கறுப்புத் துணி அவர் பையில் இருந்தது. ஸ்டூலின்மேல் ஏறி, முகமூடிக்காரனின் இடுப்புக்குமேல் எதுவும் தெரியாதபடி திரையை அதனால் மறைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

திரையில் வெறும் இரண்டு கால் வந்தது. யாருடைய கால் என்று தெரியாத கால்.

"கைய எறக்கிடாதீங்க."

"எறக்கல. நீ நட."

அக்கா நடந்தார். ஒவ்வொரு அடியும் ஒரு மயிரிழை பிந்தியது. நடையில் கோபமும் இல்லை, களைப்பும் இல்லை, பொய்யும் இல்லை. யாரோ ஒருவன் எங்கேயோ போகிறான், அவ்வளவுதான். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் அவர் நடந்த நடை. காட்சி முழுக்க நடந்து முடிப்பதற்குள் வீட்டுக்காரரின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது, துணி ஆடியது, ஆனால் இறங்கவில்லை. பிறகு, யாரென்று தெரியவில்லை அக்கா, ஆனால் நன்றாகவும் இல்லை என்றது ஸ்பீக்கர்.

இயக்குநர் வெளியே வந்து நின்றார். காட்சியின் உயிர் போய்விட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. இன்னும் இசையைப் போட்டு மூடலாமா என்று யோசிக்கிறார் என்பது முகத்தில் எழுதியிருந்தது. ஒட்டாத காலடியை வெறும் அமைதியில் விட்டால் அது அக்காவின் பெயரைத்தான் கெடுக்கும். அதை அவரே சொன்னார். அக்கா ஷூவுக்குள் திணித்த துணியை உருவிக்கொண்டே பதில் சொன்னார்.

"என் பேரு போனா போவுது தம்பி. உங்க அமைதி இருக்கட்டும்."

அவ்வளவு நேரமும் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அந்த ஒரு தடவை தம்பி என்றுவிட்டார். ரீல் போயிற்று.

வெள்ளிக்கிழமை அவர் முதல் காட்சிக்கு ஒரு சாதாரணத் தியேட்டரில் போய் உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த தலைகளைப் பார்த்தார். வராந்தாவில் முகமூடிக்காரன் வந்தபோது எந்தத் தலையாவது பக்கத்துத் தலையை நோக்கிச் சாய்கிறதா என்று பார்த்தார். ஒருவன் சாய்ந்தான். அக்கா இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். அவன் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தான். கடைசியில் முகமூடி கழன்றபோது தியேட்டர் போட்ட கூச்சலில் அவர் அழுதுவிட்டார். பக்கத்தில் இருந்த பெண் அவர் பெரியவருக்காக அழுவதாக நினைத்து, தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாளாம்.

பிறகு விமர்சனங்கள் வந்தன. முகமூடியைப் புகழாதவர் இல்லை. முதல் காட்சியைப் பற்றி எல்லாரும் ஏறக்குறைய ஒரே வார்த்தையில் எழுதினார்கள், காலடிச் சத்தம் படத்தோடு ஒட்டவில்லை என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வாரமே தயாரிப்பாளர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அறைக்குள் இயக்குநர் இருந்தார். சத்தம் விற்கிற கம்பெனிக்காரரும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். தயாரிப்பாளர் வயசானவர், பெண்கள் யாரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். அவர் கோபமாகக்கூட இல்லை. எல்லாரும் இப்படி எழுதியிருக்கிறார்களே அம்மா, இந்த ஒரு படத்தில்தானே நாம் முடிவு செய்வதாக இருந்தோம் என்று மெதுவாகக் கேட்டார். அக்கா தரையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், முதலாளிக்குத் தெரியாமல் ரீலை மாற்றிய இயக்குநர் மாட்டிக்கொள்வார். அதனால் வாயைத் திறக்கவில்லை. இயக்குநர் விரலை முறித்துக்கொண்டிருந்தார். ஒரு விரல், இன்னொரு விரல். பிறகு அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அது என் முடிவு சார். அவங்க நல்லாத்தான் நடந்திருந்தாங்க. நான்தான் மாத்தினேன். உங்ககிட்ட சொல்லல."

எல்லாவற்றையும் சொன்னார். தயாரிப்பாளர் பழைய நடையைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வராந்தாவில் கொஞ்ச தூரம்தான் வந்திருப்பான், "பெரியவர்" என்று தலையை ஆட்டினார்.

கம்பெனிக்காரர் அவசரமாக, எங்களிடம் எடுத்திருந்தால் இந்த ஆபத்தே வந்திருக்காது என்றார். அது உண்மைதான். அக்காவுக்கே அது உண்மை என்று தெரியும். தயாரிப்பாளரும் அதைத்தான் யோசிக்கிறேன் என்றார். அதன் பிறகு தயாரிப்பாளர் வியாபாரி பேசுகிற மாதிரி பாதிப் பாதியாகப் பேசி முடித்தார். பத்தாவது படத்தில் கூட்டம், தண்ணீர், கதவு, சண்டை எல்லாம் கம்பெனியிடம். உளவாளி ஒருவனுக்கு மட்டும் அம்மா நடக்கட்டும். பெரியவர்தான் இந்தப் படத்தின் கடைசியில் செத்துப்போனாரே, அவருக்கு வேலை இல்லை. உளவாளியும் பழைய நடிகர் இல்லை, புது ஆள் வரப்போகிறார். இயக்குநரைப் பார்த்து, இனிமேல் என்னிடம் சொல்லாமல் எதையும் மாற்றாதே என்று மட்டும் சொன்னார்.

அக்கா வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அந்தப் புது ஆள் நடப்பதை ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டார். இன்னும் ஆளையே முடிவு செய்யவில்லை என்றார் தயாரிப்பாளர்.

கீழே வீட்டுக்காரர் கருவிப் பையோடு காத்திருந்தார். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவே அவருக்குப் பயமாக இருந்ததாம், பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரே ஒரு ஆளு மிச்சம்" என்றார் அக்கா. "அந்த ஆளும் யாருன்னு தெரியல."